ஒரு கோல்கம்பம் போதாது

எதிமர்ப்பு ரஜனி 1990இல் பிறந்தவர். பழைய சித்தூர் மாவட்டத்தின் எர்ராவாரிபாலெம் மண்டலத்திலுள்ள எனுமுலவாரிபள்ளி அவருடைய ஊர். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அவ்வூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இந்திய மகளிர் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் என்று அறியப்பட்டவர். ஆனால் பெரும்பாலும் இரண்டாம் கோல்கீப்பர்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி நான்காமிடம் பெற்றபோது கம்பத்தைக் காத்தவர் சவிதா புனியா; ரஜனி மாற்று வீராங்கனை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்ற அணியிலும் சவிதாவுக்கு அடுத்த இடமே அவருக்கு. 2024 சனவரியில் மஸ்கட்டில் நடந்த, ஐவர் ஆடும் முதல் மகளிர் ஹாக்கி உலகக் கோப்பையில் அவர் அணித்தலைவராக இருந்தார். இறுதியாட்டத்தில் நெதர்லாந்திடம் 2–7 எனத் தோற்றாலும் வெள்ளி கிட்டியது.

இதில் தேர்வாளர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. முன்கள வீராங்கனைகளை ஆட்டத்தின் நடுவே மாற்றி மாற்றி இறக்கலாம். கோல்கீப்பரை அவ்வாறு மாற்றுவது அரிது. நாட்டுக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு கம்பம். ஆகவே இரண்டாம் கோல்கீப்பரின் திறன் தேய்வதும் வளர்வதும் தேசிய அணிக்கு வெளியே அவருக்குக் கிடைக்கும் ஆட்டங்களைப் பொறுத்தது. லீக் என்பதன் தேவை இங்குதான் எழுகிறது: எட்டு அணிகள் இருந்தால் எட்டுக் கம்பங்கள் இருக்கும்.

ஆடவருக்கான ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கியது. அப்போது ரஜனிக்கு வயது 22. மகளிர் லீக் நான்கு அணிகளோடு ராஞ்சியில் தொடங்கியது 2025 சனவரியில். அப்போது அவருக்கு வயது 34. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு வீராங்கனையின் முழு ஆட்டக்காலம்.

வாலிபாலின் நிலையும் வேறன்று. 2019இன் புரோ வாலிபால் லீக், 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் இரண்டும் ஆடவர் அணிகளைக் கொண்டே தொடங்கப்பட்டன. துருக்கியிலோ ஏதா எர்தெம் 2008 முதல் ஃபெனர்பாச்சே கழகத்திற்காக ஆடிவருகிறார். 2023இல் ஐரோப்பிய வாகை சூடிய நாட்டணிக்கும் அவரே தலைவர். அந்நாட்டின் வாக்கிஃப்பேங்க் கழகம் ஒரு வங்கியின் பெயரைத் தாங்கியது. நம் வங்கிகளும் இரயில்வேயும் வீராங்கனைகளுக்கு வேலை தருகின்றன. ஆனால் நாம் ‘தொழில்முறை வீராங்கனை’ என்று சொல்லும்போது, தொழில் அலுவலகத்தில் இருக்கிறது. ஆட்டம் விடுப்பில் இருக்கிறது.

டோக்கியோவுக்குப் பின் ஆந்திர அரசு ரஜனிக்கு 25 இலட்சம் ரூபாயும் திருப்பதியில் வீட்டுமனையும் அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. எனினும் பரிசு, ஆடி முடித்தவருக்குச் செலுத்தும் நன்றி; லீக், ஆட வருபவருக்கு அளிக்கும் வாழ்வு. 1983 முதல் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகம் நடத்திவரும் திருப்பதியில் ஆண்டுதோறும் ஒரு மகளிர் லீக் நடத்துவது எட்டாத கனவன்று. அடுத்த ரஜனிக்கு வீட்டுமனைக்கு முன்பே ஒரு கோல்கம்பம் கிடைக்க வேண்டும்.