களக்குறிப்பில் விடுபட்ட பக்கம்

களப்பணிக்கு வரும் சமூகப் பணி மாணவர் நாள் முடிவில் குறிப்பேட்டை நிரப்புகிறார். எத்தனை வீடு சென்றோம், எவருக்கு என்ன வழங்கினோம் என்பன ஒழுங்காக இடம்பெறுகின்றன. எங்கே தவறினோம் என்பது அரிதாகவே எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள திருவிடந்தைக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயை எண்ணிப் பார்ப்போம். இக்கரையோர உப்பங்கழிகளில் இருளர் பழங்குடிப் பெண்கள் நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பர். இரு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பர். படகு இல்லை, வலையும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின், தமிழகக் கரைக்கு வந்த உதவியில் பெரும்பங்கு படகையும் வலையையும் கணக்கிட்டே வந்தது. படகே இல்லாதவர் எதை இழந்ததாக எழுதிக் கொடுப்பது? பல ஊர்களில் இருளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். அதே காலத்தில் வேறு சில ஊர்களுக்கு, இழந்தவற்றினும் மிகுதியாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து சேர்ந்தன. எவரும் உடுத்த விரும்பாத பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்தது.

கொடுத்தவர் நெஞ்சில் வஞ்சமில்லை. அதனாலேயே இத்தவறு கவலைக்குரியது. நல்லெண்ணம் உடையவர் தம் பார்வையை எளிதில் ஐயுறுவதில்லை. செயலாற்றும்போதே தம் செயலை ஆராயவேண்டும் என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதினார். நம் வகுப்பறைகளில் அக்கருத்து தேர்வுக்குரிய விடையாகச் சுருங்கிவிடக் காண்கிறோம்.

திருவிடந்தையை அடுத்த வடநெம்மேலியில் வேறொரு முறை உண்டு. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டு இருளர் பிழைப்பிழந்த நிலையில், 1978இல் அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதற்குத் துணைநின்ற பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர், அவர்களிடமே பாம்பைப் பற்றிக் கற்றவர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு பாம்புக்கடி மருந்துக்காக எடுக்கப்படுகிறது. பாம்புகள் பின்னர் காட்டில் விடப்படுகின்றன. அங்கே தொடக்கம் மக்களின் திறமாக இருந்தது, வெளியார் கண்ட குறையாக அன்று.

ஆகவே கல்வி நிறுவனங்களிடம் நாம் ஒன்றை வலியுறுத்துகிறோம். ஒவ்வொரு மாணவரும் யாரைக் காணத் தவறினேன், எதைத் தவறாக ஊகித்தேன் என்று களக்குறிப்பில் ஒரு பக்கம் எழுதட்டும். அப்பக்கத்தை, எந்தக் குடியிருப்பைப் பற்றியதோ அங்கேயே உரக்கப் படித்துக் காட்டட்டும். அம்மக்கள் திருத்திய பின்னரே ஆசிரியர் அதற்கு மதிப்பெண் இடவேண்டும்.