கணக்குப் பெட்டிக்குள் தூசு

கடை திறந்ததும் கூட்டுகிறோம், கண்ணாடி அலுமாரியைத் துடைக்கிறோம். பற்று வரவு முழுவதையும் வைத்திருக்கும் கம்பியூட்டரின் உள்ளே மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. மாத்தூள், மிளகாய்த்தூள், புடவைப் பஞ்சு எல்லாவற்றையும் அதன் விசிறி உள்ளே இழுக்கிறது. தூசு அடைத்தால் சூடு வெளியேறாது. முதலில் வேகம் குறையும்; பிறகு பில் போடும்போதே நின்றுவிடும்.

துப்புரவு செய்வது முதலாளியின் கண்முன்னே நடக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். எனது கடையில் 3 மாதத்துக்கு ஒரு முறை செய்கிறோம். முதலில் கணக்கை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும். கம்பியூட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தினால் மிச்ச மின்சாரம் போய்விடும். பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும். காற்று டின்னை நிமிர்த்திப் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஈரத்துணி ஆகாது. வீட்டு வெக்யூம் கிளீனரும் வேண்டாம், அதில் நிலைமின்சாரம் உண்டாகும். பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள்; பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கம்பியூட்டர் போனால் வேறொன்று வாங்கலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கை எங்கே வாங்குவது? பெருநாள் வியாபாரம் தொடங்குமுன் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.