கொடையாளரைத் தேடித் தரும் செலவும் அரசுடையதே

பிரிவினைக்குப் பிறகு கல்யாண் அகதி முகாமிலிருந்து உருவான ஊர் உல்லாஸ்நகர். அங்கே வாழும் சிந்தி மக்களிடையே தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய்க்கான மரபணு அதிகம். அந்நோயின் கடுமையான வகை உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதிலிருந்து விடுபட நன்கு நிலைபெற்ற வழி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. 1983இலேயே டாடா நினைவு மருத்துவமனை அதன் ஒரு வகையான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைச் செய்துகாட்டியது. மும்பை மாநகராட்சி போரிவலியில் தலசீமியாக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் ஒரு மையம் நடத்துகிறது. கோல் இந்தியாவின் திட்டம் 2017 முதல் ஒரு குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 விழுக்காடுதான். குடும்பத்தில் பொருத்தம் கிடைக்காத பிள்ளைக்கு வெளியே ஆள் தேட வேண்டும். அந்தத் தேடலை இங்கே பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் நன்கொடையே தாங்குகிறது. சிகிச்சை அறைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அங்கே போகும் வழிக்குக் கொடுக்காமல் இருப்பது எந்தக் கணக்கில் நியாயம்?

திசுப் பொருத்தம் வம்சாவளியோடு வருவது. அமெரிக்கக் கொடையாளர் பதிவேட்டை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 75 விழுக்காடு, தெற்காசியருக்கு 33 விழுக்காடு. உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் இருந்தும் நமக்கு உதவி குறைவு. சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் மணம் முடிக்கும் நம் சமூகங்களில், தாராவியில் வாழும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொருந்தக்கூடியவர் தாராவியிலோ தாமிரபரணிக் கரையிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் சில லட்சம் பேரைச் சேர்த்திருக்கின்றன. 140 கோடி மக்களுக்கு அது போதாது. பதிவுக்காகக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி மாதிரி எடுப்பது எளிது. அதை ஆய்வகத்தில் வகைப்படுத்துவதுதான் செலவு. அமெரிக்கா 2005இல் சட்டம் இயற்றி, கொடையாளர் பதிவேட்டுக்கும் பொதுத் தொப்புள்கொடி ரத்த வங்கிகளுக்கும் அரசுப் பணம் ஒதுக்கியது.

கர்ப்ப காலப் பரிசோதனையால் நோயைத் தடுப்பது மலிவுதானே என்று கேட்கலாம். உண்மைதான், அதைச் செய்தே தீர வேண்டும். ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைக்கு அது மருந்தாகாது. இதே மாற்று சிகிச்சை தேவைப்படக்கூடிய ரத்தப் புற்றுநோயையும் அது தடுக்காது. பெற்றோரிடமிருந்தே பாதிப் பொருத்தத்தில் செல் எடுக்கும் முறை வந்துவிட்டதே என்பது கனமான மறுப்பு. அது பல உயிர்களைக் காக்கிறது. என்றாலும் எல்லோருக்கும் அது ஏற்றதல்ல. தகுதியான உறவினரே இல்லாதவர்களும் உண்டு. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் போதாதா? தனியார் வங்கியில் பணம் கட்டிச் சொந்தப் பிள்ளைக்கென்றே சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. தலசீமியாக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பழுதுள்ள மரபணுதான் இருக்கும். பொது வங்கி பயனுள்ளது. ஆனால் ஒரு பையிலுள்ள செல்கள் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போதுவதில்லை. கையிலுள்ள பணம் குறைவென்றால், முதல் ரூபாய் உயிருள்ள கொடையாளருக்கே போக வேண்டும் என்பேன்.

பதிவு செய்துவிட்டு, அழைப்பு வரும்போது பின்வாங்குபவர்களும் உண்டு. ஆகவே, சேர்த்த தலைகளை எண்ணி மானியம் தரக் கூடாது. வகைப்படுத்தும் செலவை அரசு ஏற்று, அழைத்தபோது வந்தவர்களின் விகிதத்தைத் தணிக்கை செய்ய வேண்டும். சயான், கல்யாண் ரத்ததான முகாம்களிலேயே தமிழிலும் சிந்தியிலும் மராத்தியிலும் விளக்கிச் சொல்லி, வீட்டாரின் அச்சத்தையும் கேட்டுத் தீர்த்த பிறகே மாதிரி எடுக்கட்டும்.