ஒரே படநூலகம், இரண்டு மடிக்கணினி

வீட்டில் கணவரிடம் ஒரு மேக்புக், என்னிடம் ஒன்று. குடும்பப் படங்கள் எல்லாம் அவருடையதில். "அந்தத் தீபாவளிப் படத்தை அனுப்புங்க" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன ஆண்டு ஒரு குறுக்கு வழியில் இறங்கினேன். 'ஃபோட்டோஸ்' செயலியின் நூலகத்தை அப்படியே இணையச் சேமிப்புக் கோப்புறை ஒன்றில் போட்டு, இரண்டு கணினியிலும் திறந்து வைத்தேன்.

இரண்டு வாரம் ஓடியது. மூன்றாம் வாரம் நூலகம் திறக்கவே இல்லை. மறைந்த மாமனாரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. பழைய நகல் ஒன்று வெளி வன்தட்டில் கிடந்ததால் தப்பித்தேன்.

தவறு என்னுடையதுதான். அந்த நூலகம் பார்வைக்கு ஒரே கோப்பு. உள்ளேயோ ஆயிரக்கணக்கான கோப்புகளும், எந்தப் படம் எங்கே என்று குறித்துவைக்கும் ஒரு தரவுத்தளமும் இருக்கின்றன. இரு கணினிகளும் ஒரே நேரத்தில் அதில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும். மேகச் சேமிப்பில் அதை வைக்க வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. நான் படித்தால்தானே!

செலவு குறைந்த வழி, வெளி எஸ்எஸ்டி வட்டு. அதை ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள் (வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்). செயலியை மூடிவிட்டு, 'பிக்சர்ஸ்' கோப்புறையில் உள்ள நூலகத்தை வட்டுக்கு நகலெடுங்கள். பிறகு 'ஆப்ஷன்' விசையை அழுத்தியபடி ஃபோட்டோஸைத் திறந்தால், எந்த நூலகம் வேண்டும் என்று கேட்கும். ஒரு நேரத்தில் ஒரு கணினி மட்டும். 'எஜெக்ட்' செய்யாமல் வட்டைப் பிடுங்காதீர்கள். இரண்டிலும் ஒரே மேக்ஓஎஸ் பதிப்பு இருப்பது நல்லது. புதிய பதிப்பு மேம்படுத்திய நூலகத்தைப் பழையது திறக்காமல் போகலாம்.

வட்டைக் கைமாற்றுவது தொல்லை என்றால், ஐகிளவுட் பகிர்வு நூலகம் உண்டு. மேக்ஓஎஸ் வென்சுரா, ஐஓஎஸ் 16.1 முதல் கிடைக்கிறது. மொத்தம் 6 பேர் சேரலாம், அவரவர் ஆப்பிள் கணக்கிலேயே. இடம், தொடங்கியவரின் கணக்கில்தான் கழியும். இலவச 5 ஜிபி எந்த மூலைக்கு? இன்னொன்று, ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும். 30 நாளுக்குள் மீட்காவிட்டால் போனது போனதுதான்.

நாங்கள் இப்போது பகிர்வு நூலகத்துக்கு மாறிவிட்டோம். ஆனாலும் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வன்தட்டில் நகலெடுக்கிறேன். அது மாமியார் வீட்டு அலமாரியில், மாமாவின் கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.