பள்ளிப் பகலுணவும் நம் சங்கங்களும்

பள்ளிச் சிறார்க்குப் பகலுணவு அளிப்பது நமக்குப் புதிதன்று. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதனைத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமாயிற்று. 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் சேர்ந்தது. தறியிலும் வயலிலும் தாய்மார் ஓய்வின்றி உழைக்கும் இல்லங்களுக்கு இதனால் விளைந்த நன்மையை அங்கத்தினர் நன்கறிவர்.

ஆயினும் அவ்வடுப்பிற்கு வரும் காய்கறி யார் தோட்டத்தது? தேசிய நெறிமுறைப்படி தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் வேண்டும். 100 பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு 200 நாட்களில் 400 கிலோ பருப்பும் 1,000 கிலோ காய்கறியும் ஆகும். சிறு குடியானவர்க்கு இது நிலையான சந்தையன்றோ! பிரேசில் நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளியுணவிற்கு மத்திய அரசு தரும் நிதியில் நூற்றுக்கு 30 பங்கிற்குக் குறையாமல் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யப் பணித்தது. நம் மாநிலத்திலும் பள்ளிச் சீருடைத் துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தருகின்றன. துணிக்கு இயன்றது காய்கறிக்கு இயலாதா?

இவ்வுரிமையை அரசினரிடம் கோருமுன், எடையிலும் தரத்திலும் நேரத்திலும் நாணயம் காக்கச் சங்கங்கள் உறுதி பூணல் வேண்டும். விலை ஏறிய நாளில் சரக்கைச் சந்தைக்குத் திருப்பிவிட்டு, விலை மலிந்த நாளில் மட்டும் பள்ளியை நாடும் சங்கம் இதற்குத் தகுதியுடையதன்று. உண்பவர் நம் பிள்ளைகளே என்பதை மறவாதிருப்போமாக.