ஆஃப் ஆனாலும் கரண்ட் இருக்கும்

திருப்பூர் வாஷிங் யூனிட்டுகளுக்குப் பேனல் போர்டு கட்டித் தருவது என் பிழைப்பு. அங்கே டிரம் ஒரு பக்கம் சுற்றும், நிற்கும், மறுபக்கம் சுற்றும். அரை நிமிடத்துக்கு ஒரு திருப்பம் என்றாலே மணிக்கு 120; நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 2,400. ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுத்துத்தான் கிளம்பும். டிரம் நிற்குமுன்னே எதிர்த்திசையில் தட்டிவிட்டால் அடி இன்னும் பலம். மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து வெட்டும் கான்டாக்டரைக் கழற்றினால் முனைகள் கருகிப் பள்ளம் விழுந்திருக்கும். சிலது ஒட்டியே போயிருக்கும்.

அதனால் சாலிட் ஸ்டேட் கான்டாக்டருக்கு நான் எதிரி இல்லை. அசைகிற பாகம் எதுவும் இல்லை, தீப்பொறி இல்லை, தைரிஸ்டர்கள் சத்தமில்லாமல் வேலை செய்யும். (புது மெஷின் வாங்குகிறவர் டிரைவ் வைத்ததையே வாங்கட்டும்; நான் பேசுவது பழைய மெஷின்களைப் பற்றி.) ஆனால் "இதைப் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்று விற்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

முதலில் சூடு. ஒரு ஃபேஸுக்கு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே இதில் விழும். 20 ஆம்பியர் ஓடினால் மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து 70 வாட் வரை பெட்டிக்குள்ளேயே சூடாகிறது. சித்திரை வெயில், பாய்லர் ஆவி, பஞ்சு அடைத்த ஃபேன்: ஹீட் சிங்க் சின்னதாக இருந்தால் பொருள் தாங்காது.

அது போகிற விதம்தான் ஆபத்து. தைரிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும். திருப்பிவிடும் செட்டில் பல மாடல்களில் நடு ஃபேஸ் நேராகவே போகும். ஓரத்து இரண்டைத்தான் மாற்றுவார்கள். அதில் ஒன்று ஷார்ட் ஆனால், ஆஃப் செய்த பிறகும் மோட்டாருக்கு இரண்டு ஃபேஸ் கிடைக்கும். நின்ற மோட்டார் என்றால் உறுமிக்கொண்டே கிடக்கும், வைண்டிங் கருகும். ரிவர்ஸ் கட்டளை வந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் நேர் ஷார்ட். பழைய கான்டாக்டர் ஜோடியில் ஒன்று இழுத்தால் இன்னொன்றை இழுக்கவிடாத இன்டர்லாக் குச்சி உண்டு. இதில் இடைவெளி நேரம்தான் காவல். தைரிஸ்டர், கரண்ட் பூஜ்யத்தைத் தொடும்போதுதான் அடங்கும். நம் 50 ஹெர்ட்ஸில் அதற்கே 10 மில்லி செகண்ட் வரை ஆகலாம். உற்பத்தி கூடட்டும் என்று டைமரைக் குறைக்கும் சூப்பர்வைசர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நல்ல நிலையில் இருந்தாலும் ஆஃபில் கசிவு கரண்ட் உண்டு. டெஸ்டர் வைத்தால் லைட் எரியும். "ஆஃப்தானே, கை வைக்கலாம்" என்பது இங்கே செல்லாது.

ஆகவே என் கொட்டேஷனில் சாலிட் ஸ்டேட் கான்டாக்டருக்கு முன்னால் ஒரு சாதாரண மெயின் கான்டாக்டர், செமிகண்டக்டர் ஃபியூஸ், ஓவர்லோடு ரிலே மூன்றும் இருக்கும். "அதான் சாலிட் ஸ்டேட் போட்டாச்சே, இது எதுக்குண்ணே?" என்று முதலாளிகள் அடிக்கப் பார்ப்பது அந்த மெயின் கான்டாக்டரைத்தான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இழுக்காமல், லோடு மாற்றும்போது மட்டும் இழுக்கிற அது வருஷக்கணக்கில் உழைக்கும். எமர்ஜென்சி பட்டனும் டிரம் கதவு சுவிட்சும் அதன் காயிலை நேராக வெட்ட வேண்டும், பிஎல்சி புரோகிராம் வழியாகச் சுற்றிவரக் கூடாது. மோட்டாரைத் தொடுமுன் ஐசோலேட்டரை இறக்கிப் பூட்ட வேண்டும். பூட்டு மாட்ட ஓட்டை இல்லாத ஐசோலேட்டரை நான் வாங்குவதே இல்லை.