பாஷை ஒன்று, கிணறு இரண்டா?

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஏழெட்டு மைல் தூரந்தான். இந்தச் சிறு தூரத்துக்குள் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் என்னும் மூன்று பாஷைகள் குடியிருக்கின்றன. முதல் இரண்டும் மக்கள் வாயில் இருக்கின்றன. மூன்றாவது புரோகிதர் வாயில் மாத்திரம் இருக்கின்றது. ஆனால் தேவ பாஷை என்ற பட்டம் யாருக்கு? யாருக்கும் விளங்காத அந்த மூன்றாவதற்கே!

நிற்க, இராஜபாளையத்துத் தெலுங்கு நேற்று வந்ததல்ல. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து குடியேறிய மக்களின் பாஷை அது. வீட்டில் பேச்சு தெலுங்கு; கடிதமும் கணக்கும் தமிழ். அந்த விஜயநகரத்து அரசரான கிருஷ்ணதேவராயர்தான் (ஆட்சி 1509–1529) ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையை "ஆமுக்தமால்யதா" என்று தெலுங்கில் காவியமாக்கினார். கதை பக்திக் கதை. அதில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தமிழும் தெலுங்கும் பிறவிப் பகைகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1949 முதல் 1952 வரை சென்னையில் முதல் மந்திரியாயிருந்த பூ.ச. குமாரசாமி ராஜா இந்த இராஜபாளையத்தாரே. இப்படியிருக்க, தெலுங்கு பேசுகிறவரை "வந்தேறி" என்று ஏசுவது என்ன யோக்கியதை? நானூறு வருஷம் இம்மண்ணில் உழைத்தவன் அந்நியன் என்றால், சொந்தக்காரன் ஆவதற்கு எத்தனை வருஷம் வேண்டும் என்று கேட்கின்றோம்.

ஆனால் தெலுங்குப் பெருமை பேசும் தோழர்களையும் ஒன்று கேட்காமல் விட முடியாது. ராஜுக்கள் தெருவில் பேசுவதும் தெலுங்கு. அருந்ததியர் பலர் வீட்டில் பேசுவதும் தெலுங்கு. தாகம் எடுத்தால் இருவரும் "நீள்ளு" என்றுதான் கேட்கின்றார்கள். ஆனால் அந்த நீள்ளை ஒரே கிணற்றில் மொண்டு குடிக்க ஜாதி விட்டதா? தாய்ப்பாஷை என்று மார்தட்டுகின்றீர்களே, ஒரு தாய் மக்களுக்கு இரண்டு கிணறு எதற்கு? தமிழ் பேசும் ஜாதியார் சிரிக்க வேண்டாம். தமிழ் பேசும் பள்ளர், பறையருக்கு அவர்கள் வைத்த கிணறும் வேறுதான். பாஷை சேர்த்ததை ஜாதி பிரித்தது. 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு சட்டம் செய்ய நேர்ந்ததும், 2024-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய ஒதுக்கீடு செல்லும் என்றதும் எதனால்? வீட்டுப் பாஷைப் பெருமை அவர்களுக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுக்கவில்லை என்பதனால்தானே!

இனி பாஷை எதனால் பிழைக்கிறது என்று பார்ப்போம். அயர்லாந்து 1922-இல் சுயஆட்சி பெற்றதும் ஐரிஷ் பாஷையைத் தேசிய பாஷை ஆக்கியது. ஆயினும் பிழைப்பு இங்கிலீஷில் இருந்ததால், பெரும்பாலோர் வாயில் இங்கிலீஷே நின்றது. ஆனால் 1969-இல் பெல்பாஸ்ட் நகரத்து ஷா சாலையில் சில குடும்பத்தார் கூடித் தாங்களே வீடு கட்டி, அப்பாஷையைப் பேசி வாழத் தொடங்கினர். 1971-இல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தனர். பாஷைக்குக் கோவில் கட்டவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார்கள். இதுதான் பகுத்தறிவு. இங்கே 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி பள்ளியில் தமிழ் கட்டாயம். அது நியாயம், வாழும் நாட்டின் பாஷை தெரியாதவன் ஏமாற்றப்படுவான். அதோடு வீட்டுத் தெலுங்கையும் எழுதப் படிக்க ஒரு பிள்ளை விரும்பினால், அதற்கு இடம் கொடுப்பதால் தமிழ் தேய்ந்துவிடாது.

உண்மையில் நம் இரு பாஷைகளையும் வாசலில் நிறுத்தியது எது? தமிழ் வீட்டுக் கல்யாணமானாலும் தெலுங்கு வீட்டுக் கல்யாணமானாலும் மந்திரம் சமஸ்கிருதம்! மாப்பிள்ளைக்கும் விளங்காது, பெண்ணுக்கும் விளங்காது. விளங்காத வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டுத் தட்சிணையும் கொடுப்பதா? 1967-இல் நம் சட்டசபை செய்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், மணமக்கள் தங்களுக்கு விளங்கும் எந்தப் பாஷையிலும் உறுதி சொல்லி மணம் செய்துகொள்ளலாம் என்கிறது. தமிழில் சொன்னாலும் செல்லும், தெலுங்கில் சொன்னாலும் செல்லும், புரோகிதர் வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே! தெலுங்கைப் பேசுங்கள், தமிழைப் படியுங்கள். ஆனால் அடுத்த கல்யாணத்தில் உங்களுக்கு விளங்கும் பாஷையில் பேசுங்கள்; அந்தப் பந்தியில் அருந்ததியரை அருகில் உட்கார வைத்து, ஒரே செம்பில் நீள்ளு கொடுங்கள். அன்றைக்குத்தான் அது தாய்ப்பாஷை. அதுவரை அது ஜாதிப் பாஷையே.